கணிதத்தில் டி

நான்கு பாடங்களில் கிரெடிட்.
தாதிப் படிப்புக்கு ஐந்து வேண்டும்.
நாலோடு ஒன்று சேர்த்தால் ஐந்து:
அந்தக் கணக்கு மட்டும்
தாளைக் கையில் வாங்கியதுமே எனக்கு வந்துவிட்டது.

கணிதத்துக்கு எதிரே டி.
புதிதில்லை அந்த எழுத்து.
வாடி, போடி, என்னடி முழிக்கிற என்று
பிறந்ததிலிருந்து என் பின்னாலேயே நடந்துவந்ததுதான்.
இப்போது தேர்வு வாரியத்தார்
முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

பாயான் லெப்பாஸில் இரவு வேலை.
தலைக்கு உறை, வாய்க்கு உறை, காலுக்கு உறை,
கண் மட்டும் கூலிக்கு.
உருப்பெருக்கியின் கீழே
நரம்புக்குள் நுழையப்போகும் மெல்லிய குழாய்.
பிசிறு இருந்தால் சிவப்புத் தொட்டி.
நுனி வளைந்திருந்தால் சிவப்புத் தொட்டி.
மணிக்கு நானூற்றிருபது.
யார் கையில் ஏறப்போகிறோம் என்று
ஒரு குழாயும் என்னிடம் சொன்னதில்லை.
கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு மணி இடைவேளையில்
ஹஸ்லிண்டா, தன் மகனின் மூன்றாம் படிவப் புத்தகத்தை
நாசி லெமாக் பொட்டலத்துக்குப் பக்கத்தில் விரிப்பாள்.
அவளுக்கும் தெரியாது.
தெரியாத இருவரும் சேர்ந்து
ஓர் இரவுக்கு ஒன்றரைப் பக்கம் தாண்டுவோம்.
விகிதம் பிடிபட்டது மிலோவில்:
தூள் இரண்டு, பால் மூன்று,
குவளை பெரிதானால் என்ன செய்வாய்?
பின்னம் கடைசிவரை பிடிபடவில்லை.
சம்பல் கறையோடு அந்தப் பக்கம்
ஒட்டிக்கொண்டுவிட்டது.

மறுதேர்வு மண்டபத்தில் எனக்கு முன்னால்
செக்யூரிட்டி சட்டையோடு ஒருவர்,
நகத்தைக் கடித்தபடி.
அவர் எழுந்து போகும்வரை
நானும் எழுந்து போகவில்லை.

டி போய் சி வந்தது.
"சீ, இதுக்கா இத்தனை ராத்திரி?" என்றாள் அக்கா.
எழுத்தை வாசிக்கிறாளோ என்று நினைத்துச்
சிரித்துவிட்டேன்.

இரண்டு கல்லூரிகள் பதிலே போடவில்லை.
மூன்றாவது, பட்டர்வொர்த்தில்.
வேலை முடிந்த கண்களோடு பெர்ரி ஏறினேன்.
கடலில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை,
அதனால் தூங்கிவிட்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.
நடுவில் இருந்த அம்மாள் தாளைத் திருப்பினார்.
"லோகபிரியா த/பெ மணியரசு.
முதல் தடவை டி. ஏன்?"

காரணங்கள் இருந்தன.
அப்பாவின் லோரி கவிழ்ந்தது அந்த வருடம்தான்.
வீடு மாறியது, மின்சாரம் வெட்டியது,
எல்லாம் உண்மை, எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு.
பஸ்ஸில் வரும்போது மனப்பாடமும் செய்திருந்தேன்.
வாயில் வந்தது வேறு:

"எண்களைப் பார்த்தால் பயம்."

"இப்போது?"

"இப்போதும்தான்.
அதனால் மூன்று தடவை பார்ப்பேன்."

பேனா எதையோ எழுதியது.
தலைகீழாக வாசிக்கப் பார்த்தேன்,
முடியவில்லை.

கடிதம் வந்தபோது அதிலும் ஓர் எண்:
முதல் பருவத்தில் சராசரி இரண்டுக்குக் கீழே போனால்
இடம் இல்லை.
மூன்று தடவை பார்த்தேன்.
இரண்டுதான்.
கடன் பாரத்தில் ஜாமீன் கையெழுத்தை
அக்காவே போட்டாள்,
சீ என்ற அதே வாயில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு.

உடல் பரிசோதனைக்கு ஜெலுத்தோங் கிளினிக்.
ரத்தம் எடுக்க வந்தவள் புதியவள்;
பெயர்ப்பட்டையின் பிளாஸ்டிக் தாளை
இன்னும் உரித்திருக்கவில்லை.
முதல் குத்தில் நரம்பு நழுவியது.
இரண்டாவதிலும்.
"மாஆப், காக்" என்றாள்.
காது இரண்டும் சிவந்து நின்றாள்.

நாக்கு நுனிவரை வந்தது:
கணக்கில் உனக்கு என்ன?

கேட்கவில்லை.
சட்டைக் கையைச் சுருட்டி
மற்ற கையை
அவள் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.